பழகுவதற்குள்

செருப்புப் பட்டறையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவுவது அவள் வேலை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, கால் உடைந்து கிடந்த அக்காவுக்குத் துணையாக ஒரு மாதம் இருந்தவள், ஞாயிற்றுக்கிழமைதான் வீடு திரும்பினாள். அக்கா வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. உப்பில்லாத சாப்பாட்டைக்கூட அத்தான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

இங்கே பையை இறக்கி வைப்பதற்குள் துண்டைக் காணோமென்று கணவன் கத்த ஆரம்பித்துவிட்டான். துண்டு அவன் தோளில்தான் கிடந்தது. கை நீட்டுகிற ஆள் இல்லை. அந்தப் பெருமையைத் தெருவே பேசும். தொண்டை மட்டும்தான், தெருமுனை வரை கேட்கும். கல்யாணமான புதிதில் குலைநடுங்கியவளுக்குப் போகப்போக அது மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒரு மாதம் கழித்து அன்று மறுபடி காதில் விழுந்தது. மாமியார் நீட்டிய தண்ணீர்ச் சொம்பு கையிலிருந்து நழுவி உருண்டது.

"என்னடி, புதுசா கேக்குற மாதிரி நடுங்குறே?" என்று மாமியார் சிரித்தாள்.

மறுநாள் பட்டறைக்குள் காலை வைத்ததும் பசை நெடி மண்டைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் தோல் தைக்கிறவள் கேலி செய்தாள். "மகாராணிக்கு மூக்கு சொகுசாயிடுச்சு. மத்தியானத்துக்குள்ள சரியாயிடும், போ."

சரியாகத்தான் போனது. சாப்பாட்டு வேளையில் அவள் வேண்டுமென்றே பசை டப்பாவை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. பசை என்னவோ அதே பசைதான், நெஞ்சுக்குள் போவதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூக்குதான் புகார் சொல்வதை நிறுத்திவிட்டது. அவள் டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

சாயங்காலம் சட்டைப் பொத்தானுக்காகக் கணவன் மறுபடி கத்தினான். அவள் தன் கையைப் பார்த்தாள். நேற்றளவு நடுங்கவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

கூடத்தில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் குப்புறப் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கோடு தாண்டவில்லை, தலை நிமிரவில்லை.

"அப்பா கத்தினாரே, பயமா இல்லையா கண்ணு?"

"எப்பம்மா கத்தினாரு?" என்றது பிள்ளை.

அவள் விருட்டென்று எழுந்தாள். பையை இழுத்து இருவர் துணியையும் அள்ளித் திணித்தாள். கணவன் வீடு இடியக் கத்தினான்.

"கத்துங்க. இன்னைக்கு நல்லாவே கேக்குது," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்தே.

மாமியார் ஓடிவந்து வாசலை மறித்தாள். "பைத்தியமாடி உனக்கு? ரெண்டு நாள் பொறு, பழகிடும்."

"ஆமா அத்தை, பழகிடும். அதான் இன்னைக்கே போறோம்."