பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து

டெல்ஃபீன் குபியாக்கின் சமையலறையில் உட்கார்ந்து, க்வென் புதிய சட்ட வரைவுத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். வெளியே ஏப்ரல் பனி பாதி உருகிச் சேறாகக் கிடந்தது.

“ஹாகன் நம்ம பக்கம் வந்துட்டாரு. நாலுக்கு மூணு. இந்தத் தடவை ஜெயிச்சுடுவோம், டெல்ஃபீன்.”

“எந்த ஹாகன்? கோழியா, மனுஷனா?”

க்வென் சிரித்துவிட்டாள். போன முறை நகர மன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்ட நான்கு உறுப்பினர்களின் பெயர்களைத்தான் டெல்ஃபீனின் கணவர் ரோமன் தன் நான்கு கோழிகளுக்கும் வைத்திருந்தார். அவற்றில் பருத்த பழுப்புக் கோழிதான் ஹாகன். முட்டையிட்டதும் ஊரைக் கூட்டும்.

“மனுஷன்தான். ஆனா ஒரு நிபந்தனை. பக்கத்து வீட்டுச் சுவர்லேர்ந்து இருபத்தஞ்சு அடி தள்ளித்தான் கூண்டு இருக்கணுமாம். நாளைக்கு நீங்க எழுந்து சம்மதம்னு சொல்லிட்டாப் போதும். ரோமனோட மனைவியே சொன்ன பிறகு வேற யாரு வாயைத் திறப்பாங்க?”

டெல்ஃபீன் காப்பிக் கோப்பைகளைக் கழுவப் போட்டாள். “சரி, வர்றேன்” என்றாள்.

விஸ்கான்சினில் ஏரிக்கரையை ஒட்டிய அந்த நகரத்தில் மலைப்பாம்பு வளர்க்கலாம், கோழி வளர்க்கக் கூடாது. அதை மாற்றத்தான் ரோமன் ஆறு வருடம் மன்றத்தின் படியேறினார். ஜனவரியில் இறந்துபோனார். அவரோடு சேர்ந்து பேசப் போனவர்களில் பாதிப் பேர் வீட்டில் கோழி இருந்தது. ஆனால் ஒலிபெருக்கிக்கு முன் நின்றதும் எல்லோரும் ‘கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள்’ ஆகிவிடுவார்கள். எதிர்த்தவர்கள் அந்த ஒரு வாக்குமூலத்துக்குத்தான் காத்திருந்தார்கள். சட்டத்தை மீறுகிறவர்களுக்காகவா சட்டம் செய்வது என்று கேட்க அவர்களுக்கு அது போதும். வீட்டைச் சுற்றியிருந்தவர்களோ ஞாயிறுதோறும் வாசலுக்கு வரும் ஆறு முட்டைகளை எடுத்துக்கொண்டு பேசாமலிருந்தார்கள்.

க்வென் போனதும் டெல்ஃபீன் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு அளவுநாடாவோடு கொல்லைக்குப் போனாள். பழைய வரைவுகளில் வேலியிலிருந்து பத்தடி என்றுதான் இருந்தது. ரோமன் கூண்டை அதற்குச் சரியாகக் கட்டியிருந்தார். இப்போது சுவரிலிருந்து கணக்கு. கையகல இடம், மூன்று பக்கமும் வீடுகள். கூண்டை எங்கே நகர்த்திப் பார்த்தாலும் பத்தொன்பது அடிக்கு மேல் வரவில்லை. நாடாவின் நுனியில் செங்கல்லை வைத்து, குனிந்து நிமிர்ந்து, நான்கு தடவை அளந்தாள். கோழிகள் காலைச் சுற்றி வந்தன. அவர் போன பிறகு காலையில் அவளைப் படுக்கையைவிட்டு எழுப்பியவை அவைதான். மற்ற எதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

ஏற்கெனவே இருக்கிற கோழிகளுக்கு விலக்குக் கேட்கலாம். கேட்டால், இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹாகனின் ஓட்டு நழுவும். இன்னொரு வருடம், இன்னொரு மனு.

மறுநாள் மாலை மன்றத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கான பச்சை விளக்கு எரிந்தது.

“என் கணவர் இருந்தா இருபத்தஞ்சு அடிக்கு ஒத்துக்கிட்டிருப்பாரு. நானும் ஒத்துக்குறேன்.”

விளக்கு மஞ்சளாகும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாள். நாலுக்கு மூன்று. கைதட்டினார்கள். க்வென் அழுதாள். ஹாகன் மேடையிலிருந்து இறங்கி வந்து டெல்ஃபீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முதல் கூண்டு உங்க வீட்டுலதான் வரணும், மிஸஸ் குபியாக்.”

“வராதுங்க. ஆறடி குறையுது.”

அவர் கையை விடவில்லை. “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? எங்ககிட்டதான் கோழியே இல்லையே.”

அவர் காது மடல்கள் சிவந்தன. தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு ஆர்லோ வேலிமேல் முழங்கையை ஊன்றி நின்றான். கோழிகளை எடுத்துப்போக க்வென் காரில் அட்டைப்பெட்டியோடு வந்திருந்தாள். அவள் கொல்லை பெரியது.

“என் சுவர்தானே குறுக்க நிக்குது?” என்றான் ஆர்லோ. “அளக்க அதிகாரி வரட்டும். நாடாவோட அந்த முனையை நான் பிடிக்கிறேன். இருபத்தஞ்சு என்ன, முப்பதே காட்டுறேன்.”

“உன் சுவருக்குள்ள நின்னுக்கிட்டா பிடிப்பே?”

“சோபாவுல படுத்துக்கிட்டே பிடிப்பேன். நம்ம ரோமனுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?”

டெல்ஃபீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவன் செய்துவிடுவான். யாரும் கேட்கவும் மாட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று வருடம் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொரு முறை தெருவில் நகராட்சி வண்டி போகும்போதும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கவும் வேண்டியிருக்கும்.

“ஆறு வருஷமா இல்லாத கோழி, ஆர்லோ. இனிமே எங்கேயாவது இருக்கட்டும்.”

ஆர்லோ வேலியைத் தாண்டி வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டான். கோழிகளை ஒவ்வொன்றாக அவளே எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் கோழியை மட்டும் சற்று நேரம் மார்போடு வைத்திருந்தாள். அது திமிறியது, கொடுத்துவிட்டாள்.

“எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க” என்றாள் க்வென்.

“பார்க்கலாம்.”

கார் போனதும் உள்ளே வந்தாள். மணி பத்துகூட ஆகவில்லை. சேற்றுக் காலணியைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.