சுவருக்கு அந்தப் பக்கம் கோசாகு

நூறு வருஷமாகப் பனிச்சறுக்கு நடக்கும் மலை அது. எங்கள் ஊரான நகானோவிலிருந்து நானும் என் கணவர் கோசாகுவும் குளிர்காலம் தவறாமல் போவோம். "கண்ணை மூடிட்டே இறங்குவேன், பாரு" என்று இந்த முறை செங்குத்தான பக்கம் போனவர், பாதியிலேயே தலைகுப்புற விழுந்தார். பனிக்குள்ளிருந்து அவரைத் தோண்டி எடுத்தது நான்தான்.

மாலையில் ஊற்றுவெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போனோம். கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தேன். ஆண்கள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு மரச்சுவர்தான். அதுவும் கூரையை எட்டாது. அங்கிருந்து அவர் குரல் கேட்டது.

"எம் பொண்டாட்டி மூணு தடவை விழுந்தா. நான்தான் தூக்கிவிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏங்க! உங்க காதுக்குள்ள போன பனியெல்லாம் உருகிடுச்சா?"

இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. அது அடங்கிய பிறகு பூனைக்குட்டி போல ஒரு குரல் வந்தது.

"சயோ... சோப்பு உன்கிட்டயா இருக்கு?"

"இருக்கு. கண்ணை மூடிட்டே பிடிங்க!" என்று சுவருக்கு மேலே வீசினேன்.

சோப்பு தரையில் விழுந்து, வழுக்கிக்கொண்டே தூரமாகப் போகும் சத்தம் கேட்டது.

"அம்மாடி, உங்க வீட்டுக்காரரைவிட சோப்பு நல்லாச் சறுக்குதே!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.