கப்பலின் முன்பாதி

அட்டைப் பட்டையை முன்னிருந்து பின்னாக வளைத்து ஒட்டிக்கொண்டு வந்தபோது, அட்டைக் கப்பலின் நடுவில் அது தட்டி நின்றது. விரலால் தடவினேன். நகக்கனத்துக்கு ஒரு படி. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். முன்பாதியின் குறுக்குச் சட்டங்கள் எல்லாமே ஒரே அளவில் சிறுத்திருந்தன. பின்பாதி சரியாக இருந்தது. பின்பாதி நான் வெட்டியது. முன்பாதி என் மனைவி மோகனப்ரியா வெட்டியது.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளவு தவறிய பாகத்தின் மேல் உடனே சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுவிடுவோம். குறி விழுந்த பாகம் லைனுக்குத் திரும்பாது. மார்க்கர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அவள் தூத்துக்குடிக்காரி. ஆறாம் வகுப்பில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு போர்க்கப்பலைக் காட்டினார்களாம். இவள் ஏறும் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி, கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஊருக்கு வந்த பிறகு அதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டாள்.

2005-இல் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாகலூர் சாலையில் பாஸ்கரனின் நெட் சென்டரில் உட்கார்ந்து தேடினோம். கப்பல் படங்கள் நிறையக் கிடைத்தன, வரைபடம் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கோ வெளிநாட்டில் ஒரு ஓய்வுபெற்ற மனிதர் கையால் வரைந்து ஏற்றியிருந்த பழைய நாசகாரிக் கப்பல் அகப்பட்டது. கொடிக்கம்பத்தின் நுனியிலிருந்து வரிவரியாக இறங்கியது படம். பீரங்கி வந்துவிட்டது, சன்னல் வந்துவிட்டது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நீர்மட்டக் கோட்டுக்கு வந்ததும் மின்சாரம் போனது.

"ராமநாயக்கன் ஏரியிலயா மேடம் உடப்போறீங்க?" என்றான் பாஸ்கரன்.

"மொதல்ல கர்நாடக எல்லையில அத்திப்பள்ளி செக்போஸ்ட்ட பிடிப்போம்ல. பெறவு ஏரி" என்றாள் அவள்.

பிறகொரு நாள் தனியாகப் போய் முன்பாதித் தாள்களை மட்டும் அச்செடுத்து வந்து, பழைய காலண்டர் அட்டைகளில் ஒட்டிச் சட்டங்களை வெட்டினாள். கிருஷ்ணகிரி மாங்கூழ்க் கம்பெனிக் காலண்டரில் முருகன் இருந்தார். முகத்தில் கத்தி படக்கூடாதென்று சுற்றிச்சுற்றி வெட்டியதில், சட்டங்கள் எல்லாம் மயில்தோகையாக வந்தன. மிச்சமான முகத்தைப் பூஜை அலமாரியில் ஒட்டிவைத்தாள்.

ஜனவரியில் அவளுக்குக் காய்ச்சல். ஒரு வாரம்தான் இருந்தாள்.

அவள் வெட்டிய சட்டங்கள் இருந்த பெட்டியை ஒரு வருடம் நான் திறக்கவில்லை. போன மாதம் திறந்து, பின்பாதித் தாள்களை அலுவலகத்தில் அச்செடுத்து வெட்டினேன். இப்போது இந்தப் படி. முன்பாதியைத் திரும்ப வெட்ட ஒரு மாலை போதும். அவளுடையதைக் குப்பையில் போட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் வேலை முடிந்ததும் பாஸ்கரனிடம் போனேன். முன்பாதித் தாள்கள் ஏன் சிறுத்தன என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் மவுஸை நகர்த்தினான்.

"ஃபிட் டு பேஜ்னு ஒரு டிக் இருக்குது சார், போட்டா படம் முழுசா தாளுக்குள்ள அடங்கிடும். மேடந்தான் போடச் சொன்னாங்க. சைஸ் கொறையும்னு நான் சொன்னேன். இல்லேன்னா ஓரத்துல வரைஞ்சவரு பேரு வெட்டுப்படுதாம். பாவம், ஒக்காந்து வரைஞ்சிருக்காரு, அவரு பேர வெட்டிட்டு நாம கப்பல் செய்யறதான்னாங்க."

"சின்னதா வந்தா பரவால்லையாமா?"

"மொத்தத்தையும் அப்டித்தான போடப்போறோம்னாங்க."

வீட்டில் என் தாள்களை எடுத்துப் பார்த்தேன். எதிலும் பெயர் இல்லை. ஓரம் போயிருந்தது.

பின்பாதிச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாம் அளவு பிசகாதவை. மார்க்கரைத் திறந்து ஒவ்வொன்றிலும் குறி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்பாதித் தாள்களுக்கும் பாஸ்கரன் டிக் போட்டுவிட்டு எழுந்து நின்றான். பிரிண்டர் முனகியது. நான்கு பக்கமும் வெள்ளை விட்டு, கொஞ்சம் சிறுத்து, தாள் மெல்ல வெளியே வந்தது. கீழ்மூலையில், யாரோ ஒருவர் பெயர் முழுதாக.