பன்னிரண்டு கிலோவும் எண்பத்திரண்டு கிலோவும்

டெல்பின் டீச்சரின் போனில் அன்றைய நிலவரப்படி நாற்பத்து மூன்று வீடியோக்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாமே கெட்டில்பெல் என்கிற, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தூக்கும் வீடியோ. ஒன்றைக்கூட அவள் கடைசிவரை பார்த்ததில்லை. வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாங்கு வாங்கென்று வாங்குகிறவள், மூன்று வாரமாகத் தானே அப்படித்தான் திரிந்துகொண்டிருந்தாள். அதைப் போய் யாரிடம் சொல்வது?

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்கியது. அவள் கணவர் காஸ்பருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. டெல்பின் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் தேவானை வந்து பார்த்துக்கொள்வாள், காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை. மற்ற நேரமும் ஞாயிறு முழுக்கவும் டெல்பினின் பொறுப்பு. அன்றைக்கு அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றப்போனாள். அக்குளுக்கடியில் கைகொடுத்து, "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணித் தூக்கினாள். மனிதர் சிமெண்ட் மூட்டை மாதிரி அசையவே இல்லை. சரி, விட்டுவிடலாம் என்று அவள் கை தளர்ந்த நொடியில் எங்கிருந்தோ ஓர் உந்தல் வந்தது. அவள் சுவரில் போய் மோத, அவர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் சரிந்தார்.

கீழ்வீட்டு மெஹபூப் அலி தொழுகை முடித்து வந்து தூக்கிவிடுகிறவரை முக்கால் மணி நேரம் காஸ்பர் அப்படியே தரையில் கிடந்தார். டெல்பின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையை அவர் தலைக்குக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சொன்னார். "கொட்டிவாக்கத்துல சிஸ்டருங்க நடத்தற ஹோம் ஒண்ணு கீதாமே. அங்க சேத்துடு என்னை."

"இன்னா பேசறீங்க நீங்க?"

"உன் இடுப்பும் போச்சுன்னா ரெண்டு பேரையும் யாரு பாக்கறது? எண்பத்திரண்டு கிலோடி நானு."

அதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து டெல்பின் அவரைத் தூக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். ஐந்து மணிக்குத் தேவானை கிளம்பினால், மறுநாள் எட்டு மணிவரை கட்டிலே கதி. தேவானையோ ஒடிசலான பெண், பலமாகக் காற்றடித்தால் ஏதாவது ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அவள் கைகொடுத்தால் மட்டும் எழுந்துவிடுகிறார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் தூக்கினால் விழுகிறார். டெல்பினுக்கு அது உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் கொட்டிவாக்கத்து சிஸ்டர் போன் செய்து, கட்டில் ஒன்று காலியாகிறது, இந்தச் சனிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பிசியோதெரபி செய்ய வரும் சிந்துதான் முதல் வாரமே வழி சொல்லியிருந்தாள். "உங்களுக்கு முதுகுல பலம் போதலை ஆன்ட்டி. ஒரு கெட்டில்பெல் வாங்கிக் கீழேருந்து தூக்கிப் பழகுங்க. யூடியூப்ல எவ்வளவோ வீடியோ இருக்கு. நல்லதா ஒண்ணு பாத்துக்குங்க."

அந்த 'நல்லதா ஒண்ணு'தான் டெல்பினைக் கெடுத்தது.

தி.நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பன்னிரண்டு கிலோவில் ஒன்று வாங்கினாள். ஆட்டோவில் ஏற்ற உதவிய டிரைவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அம்மிக்கல்லு வாங்கினு போறியா?" என்றான். வீட்டுக்கு வந்ததும் காஸ்பர் அதை ஏற இறங்கப் பார்த்தார். "கெட்டிலும் இல்ல, பெல்லும் இல்ல. இதுக்கு எவன் பேரு வச்சான்?" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தது. இரண்டு தடவை டெல்பின் அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வீடியோ தேடப்போனால் அது ஒரு கடல். முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெண், இருபத்தொரு நாளில் வயிறு தட்டையாகும் என்று பல் தெரியச் சிரித்தாள். டெல்பினுக்கு வயிறு எப்படி இருந்தால் என்ன? அடுத்து ஒரு தாடிக்காரன், பனிக்குள் சட்டையில்லாமல் நின்று இரண்டு கையிலும் இரண்டைச் சுழற்றினான். பார்த்த இவளுக்கே தோள் வலித்தது. ஒரு கோயம்புத்தூர் மாஸ்டர் தமிழில் நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஏழு நிமிஷம் சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அமுக்குங்க என்றே பேசிக்கொண்டிருந்தார். இவள் வாங்கி வைத்த பெல்லுக்கு அவர் வந்து சேரவே இல்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஒன்று கிடைத்தது. அதில் எடுத்த எடுப்பிலேயே, டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள் என்று பயமுறுத்தினார்கள். பயந்து மூடினாள்.

ஒவ்வொன்றுக்கும் கீழே இருந்த கருத்துகளை வேறு உட்கார்ந்து படித்தாள். ஒருவர் இதுதான் சிறந்தது என்கிறார், இன்னொருவர் இதைச் செய்து என் முதுகு போய்விட்டது என்கிறார். படித்துவிட்டு எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய டம்ளரைக் கழுவுவாள். காய்ந்த துணியைத் தொட்டுப் பார்ப்பாள். ஜன்னலைச் சாத்துவாள், மறுபடி திறப்பாள். அப்புறம் மறுபடி போன். ஸ்டாஃப் ரூமில், பஸ்ஸில், பூசைக்கு முந்தைய அந்தப் பத்து நிமிஷத்தில் கோயில் வாசலில்கூடத் தேடினாள். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை அவளால்.

"எதையாவது ஒண்ணை வச்சி செய்யேன்டி," என்றார் காஸ்பர் ஒருநாள். "பொண்ணு பாக்கப் போனாகூட இத்தினி பாக்க மாட்டாங்க."

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் நாற்பத்து மூன்றாவது வீடியோவைச் சேர்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. சனிக்கிழமை வந்துவிட்டால் தேட வேண்டியதே இல்லை. அவர் கொட்டிவாக்கம் போய்விடுவார். இவள் இரவு முழுக்கத் தூங்கலாம். அந்த நினைப்பு ஒரு கணம் குளிர்ந்த தண்ணீர் மாதிரி இதமாக இருந்தது. அடுத்த கணம் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தேடுகிற சாக்கில் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறோமோ? மறுபடி அவரைக் கீழே போட்டுவிடுவோம் என்கிற பயத்துக்கு வீடியோ என்று பேர் வைத்துக்கொண்டோமோ? மணி அடித்தது. வகுப்புக்குப் போய், ஒரு குற்றமும் செய்யாத ஒரு பிள்ளையைத் திட்டித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவானை கிளம்பிய கையோடு டெல்பின் கதவைச் சாத்தினாள். புடவையை மாற்றிச் சுடிதாருக்கு வந்தாள். டிவியைப் போட்டு, போனில் சேர்த்த பட்டியலை அதில் வரவழைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரிமோட்டை அமுக்கினாள். எது வருகிறதோ அதுதான்.

வந்தது நரைத்த தலையோடு ஓர் அம்மாள். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. பின்னால் வெறும் சுவர். கெட்டில்பெல்லைக் காலுக்கு நடுவே வைத்து, இடுப்பை மடக்கிக் குனிந்து, "ஒன், டூ, த்ரீ" என்றார். த்ரீயில் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி எண்ணினார். மறுபடி மறுபடி அதேதான்.

டெல்பினும் குனிந்தாள். ஒன், டூ, த்ரீ. பெல் மேலே வந்தது. அட, வந்துவிட்டதே! காஸ்பர் கட்டிலில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், இந்தக் கூத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி.

ஐந்து தடவை ஆனதும், முதுகு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள் என்றார் அந்த அம்மாள். டெல்பின் பீரோக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று குனிந்தாள். முதுகு தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிலும் தெரிந்தது. டிவி எண்ணியது, அவள் தூக்கினாள். தூக்கி முடித்த பிறகு போர்வைக்கடியில் காஸ்பரின் வலது கால் மெத்தையை அழுத்தியது.

தசைப்பிடிப்போ என்று நினைத்தாள். மறுபடி தூக்கினாள். மறுபடி அந்தக் கால் அழுத்தியது. குதிங்கால் மெத்தையில் பதிய, தொடை இறுக, இடுப்பு ஒரு விரற்கடை எழும்பியது. முகம் மட்டும் உத்தரத்தைப் பார்த்தபடியே இருந்தது. மனிதர் அவளோடு சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும், ஒரு மூச்சு தாமதமாக.

டெல்பின் டிவியை நிறுத்தினாள். குனிந்தபடியே, பெல்லைத் தொடாமல், தானே எண்ணினாள்.

"ஒன். டூ. த்ரீ."

ஒன்றும் இல்லை. அப்புறம் கால் அழுத்தியது.

நிமிர்ந்து திரும்பினாள். "ஏங்க, நீங்க எப்ப தூக்குவீங்க?"

"இன்னா எப்ப?"

"த்ரீயிலயா, த்ரீ முடிஞ்சப்புறமா?"

காஸ்பர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "முடிஞ்சப்புறம்தான். த்ரீயிலயே எவன் தூக்குவான்? மாதா தேர் தூக்கறச்சே பாத்ததில்லியா நீ? எண்ணி முடிச்சி 'மரியே'ன்னு கத்துவான். நாங்க 'வாழ்க'ன்னு சொல்றப்போதான் தோள் கொடுக்கணும். முன்னாடி தூக்கினா தேரு ஒரு பக்கம் சாஞ்சிடும். இருவத்தஞ்சி வருசம் தூக்கிகீறேன், எனக்குத் தெரியாதா?"

டெல்பினும் இருபத்தைந்து வருஷம் பெண்கள் கூட்டத்தில் நின்று தொண்டை கிழிய 'வாழ்க' என்று கத்தியவள்தான். அதை ஜெபம் என்று நினைத்திருந்தாள். தூக்குகிறவர்களுக்கு அதுதான் கணக்கு என்று யாரும் சொன்னதில்லை.

"நான் த்ரீயிலயே தூக்கிட்டேங்க," என்றாள். "அன்னிக்கு நான் த்ரீயிலயே தூக்கிட்டேன்."

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "அப்போ தேவானை…" என்று ஆரம்பித்தவர் தானே பதிலும் சொன்னார். "அவ எண்ணறதே இல்ல. 'எந்திரி நைனா'ம்பா. எந்திரிப்பேன்."

டெல்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாற்பத்து மூன்று வீடியோ! அது போதாதென்று கோபமும் வந்தது. கட்டிலருகே போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஹோமுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்களே, அப்போ நான் தூக்கறப்போ இந்தக் காலு எதுக்குத் தள்ளுது?"

காஸ்பர் தன் வலது காலைப் பார்த்தார். கோணிய வாயோரம் துடித்தது.

"நான் சொன்னா அது எங்க கேக்குது?" என்றார். "இந்தப் பக்கமும் சொன்ன பேச்சு கேக்கறதில்லடி."

டெல்பின் போர்வையை விலக்கி, அவரை உட்கார வைத்து, காலிரண்டையும் தரையில் ஊன்ற வைத்தாள். அந்த அம்மாள் செய்த மாதிரியே இடுப்பை மடக்கிக் குனிந்து, அக்குளுக்கடியில் கைகொடுத்தாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. வலது கை அவள் தோளைப் பற்றியது. அவள் எண்ணவில்லை.

"மரியே," என்றாள்.

"வாழ்க," என்றார் காஸ்பர்.

எண்பத்திரண்டு கிலோவும் எழுந்து நின்றது.

எழுந்த பிறகுதான் பார்த்தாள், சக்கர நாற்காலி தேவானை மடக்கி வைத்தபடியே பால்கனியில் கிடக்கிறது. அதை இந்தப் பக்கம் கொண்டுவரக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் கட்டிலை ஒட்டி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது.

"உக்கார வச்சிடட்டுமா?"

"இரு. அந்த சிஸ்டருக்குப் போன் போட்டு, வரலன்னு சொல்லிடு."

"ரெண்டு கையும் உங்க மேலதானே இருக்கு. எப்படிப் போடறது?"

"அப்போ அப்புறமா போடு," என்றார் காஸ்பர்.