யாரு சுட்டது?

பென்னி சார் அன்று என்ன கேட்டார் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. "யாரு சுட்டது?" என்று மட்டும் கேட்டாரா, "டப்பாவை யாரு சுட்டது?" என்று கேட்டாரா? கிளப் பதிவேட்டில் இரண்டாவதுதான் இருக்கிறது. எழுதியவன் நான். ஆனால் காதுக்குள் கேட்பது முதலாவது. ஐந்து வருடமாகக் கேட்டுக் கேட்டு, அதுவும் நானே உண்டாக்கிக்கொண்டதோ என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

பென்னி சாரின் காப்பி எஸ்டேட் மலைமேல் நாகலூர் போகும் வழியில் இருக்கிறது. நான் அங்கே ரைட்டர், கணக்கு எழுதுகிறவன். பழைய காப்பிக் கிடங்கைத் தட்டிப் பூசி அவர் துப்பாக்கி சுடும் கூடமாக ஆக்கியிருந்தார். பத்து மீட்டர் தூரம், ஐந்து பேர் நிற்க இடம், எதிர்ச்சுவரில் குறி அட்டைகள். ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டும் உண்டு. கிளப்புக்கு அவர்தான் செயலாளர். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் போய் ஸ்கோர் எழுதுவேன்.

அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அங்கே பேசக்கூடாது. ஒருவர் மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியை நிறுத்தி, விசையைத் தொடும் வரைக்கும் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். இரண்டு குண்டுகளுக்கு நடுவே ஒரு பக்கம் படித்துவிடலாம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருப்பேன். பேசாமல் இருப்பது நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சிவசக்தி நாகலூர்ப் பெண். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணாயி எங்கள் எஸ்டேட்டில் காப்பி பறிப்பவள். பள்ளியிலிருந்து ஒருநாள் பத்துப் பேரைக் கூட்டிவந்து கூடத்தைக் காட்டினார்கள். ஒன்பது பேர் துப்பாக்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இவள் அடுத்த ஞாயிறும் பஸ் ஏறி வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். யாரும் பெரிதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் எப்படிக் காலை வைக்கிறார்கள் என்று பார்ப்பாள். முதல் ஒரு மணி நேரம் குண்டே போடாமல் வெறும் விசையை இழுத்துக்கொண்டு நிற்பாள். கிளப் ரைபிள், கிளப் கோட்டு. சுடும்போது போட்டுக்கொள்கிற அந்தக் கித்தான் கோட்டு ஒரு தடித்த ஆளுக்குத் தைத்தது.

"ஏங் கண்ணு, கோட்டுக்குள்ள நீ இருக்கியா, இல்ல கோட்டு மட்டும் பஸ் ஏறி வந்துருச்சா?" என்பார் அருண்குமார். சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் விடுகிறவர், கிளப் உறுப்பினர்.

"இருக்கேனுங்க."

"ஊட்டுல காட்டுப்பன்னி அடிச்சுப் பழக்கமோ?"

"எங்கூட்டுல துப்பாக்கி இல்லீங்ணா. நாய்தான் இருக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அவள் அட்டையை மாட்டப் போய்விடுவாள். யார் எதைக் கேட்டாலும் அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்வது அவள் பழக்கம். கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றாது.

அந்த வருடம் கோவையில் பெண்களுக்கான தேர்வுப் போட்டி. கிளப்புக்கு ஒரு பெயர்தான் அனுப்பலாம். அங்கே முதல் இருபதுக்குள் வந்தால் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால் சேலத்துக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். சிவசக்தியின் மார்க்குக்கு வேறு வழி கிடையாது. கிடைக்காவிட்டால் அவிநாசிப் பக்கம் மில் வேலை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஏஜென்ட் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். இதை அவளே என்னிடம் சொன்னாள், இன்று மழை வரும் என்பது போல.

போட்டிக்கு இருந்தது இரண்டே பேர். இவளும், பென்னி சார் மகள் ரூபியும். ரூபிக்குச் சொந்த ரைபிள், அவள் அளவுக்குத் தைத்த கோட்டு, வெளிநாட்டு பெல்லட் குண்டுகள். இருவருமே அறுபது குண்டு சுட வேண்டும், கூடுதல் எடுப்பவர் பெயர் போகும் என்று பென்னி சார்தான் அறிவித்தார்.

அன்று கிடங்கு வாசல் வரைக்கும் பனி இறங்கியிருந்தது. இரண்டு பேரும் சுட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அட்டைகளை எண்ணிக் கூட்டினேன். ரூபி ஐநூற்று எழுபத்தொன்று. சிவசக்தி ஐநூற்று எழுபத்தெட்டு. இன்னொரு முறை கூட்டினேன். பென்னி சார் என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு அலமாரிப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் சரியாக அடுக்க முடியவில்லை. அருண்குமார் சிவசக்தியின் பயிற்சி அட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயிருந்தது. "இதென்னய்யா, பொத்தான் ஓட்டையாட்டம் இருக்குது," என்றார். பென்னி சார் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். ரூபியின் ரைபிளுக்கென்று வரவழைத்த பெல்லட் டப்பா ஒன்றைக் காணோம். திரும்பாமலே கேட்டார்.

"யாரு சுட்டது?"

சிவசக்தி அட்டையைப் பார்த்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னாள்.

"நான்தானுங்க சுட்டேன்."

கூடம் அதிரச் சிரித்தார்கள். அருண்குமாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அடி சாமி! கையும் களவுமா ஒத்துக்கிட்டாளே!" என்றார். அவளுக்குப் புரியவில்லை. எல்லோரும் சிரிப்பதால் அவளும் சிரித்தாள். அட்டையைத்தான் சொல்கிறாள் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்ததால்தானே சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

பஸ் போன சத்தம் கேட்ட பிறகு பென்னி சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரைட்டர், பதிவேட்டை எடுங்க."

"சார், அது தமாசுங்களே."

"தமாசுக்குத்தான் சிரிச்சோம். சிரிச்சது வேற, அவ சொன்னது வேற. அவ வாயால சொன்னாளா, இல்லியா?"

"சொன்னாளுங்க."

"அதை எழுதுங்க."

'எடுத்தது' என்று எழுதப் போனேன். அவர் தடுத்தார். "சுட்டதுன்னே போடுங்க. அவ சொன்ன வார்த்தைய மாத்தாதீங்க. பொய் எழுதக்கூடாது."

பெல்லட் டப்பாவை யார் சுட்டது என்று செயலாளர் கேட்டபோது, நான்தான் சுட்டேன் என்று சிவசக்தி உறுப்பினர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டாள். இவ்வளவுதான் வாக்கியம். 'டப்பாவை' என்ற சொல்லை அவர் சொல்லி எழுதினேனா, வாக்கியம் முழுமையாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேனா என்பது தெரியவில்லை. நிறையப் படிக்கிறவன் நான். வாக்கியம் குறையாக நின்றால் கை சும்மா இருக்காது. அருண்குமார் படித்துப் பார்த்து இன்னொரு தடவை சிரித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை ரூபியின் பெயர் கோவைக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை ரூபி அந்த டப்பாவோடு எஸ்டேட் ஆபீசுக்கு வந்தாள். பென்னி சாரும் அங்கேதான் இருந்தார்.

"அப்பா, இது என் ரைபிள் பெட்டிலதான் இருந்துச்சு. பஞ்சுக்கு அடியில."

"சரி, எடுத்துட்டுப் போ."

"அப்ப சக்தி?"

"சக்திக்கு என்ன? நீ போய்ப் பழகு."

ரூபி என்னைப் பார்த்தாள். நான் அன்றைய பறிப்புக் கணக்கில் இருந்தேன், அல்லது இருப்பது போல் இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு ஐம்பத்தாறு.

அடுத்த ஞாயிறு சிவசக்தி அம்மாவோடு வந்தாள். பெயர் போகவில்லை என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பென்னி சார் பிஸ்டல் பழகிக்கொண்டிருந்தார். வலது கையை நீட்டி, இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டு நின்றார். அவர்கள் வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். பத்துக் குண்டு பாக்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கையை இறக்கி, ஓய்வெடுத்து, மறுபடி தூக்கினார். சுடுகிறபோது பேசக்கூடாது என்பது சிவசக்திக்குத் தெரியும். அம்மா வாயைத் திறந்தபோது அவளே கையைப் பிடித்து அடக்கினாள். இருபது நிமிடம் இருவரும் வாசலருகே நின்றார்கள். அடுத்த இடத்தில் ரூபி அந்த டப்பாவிலிருந்து ஒவ்வொரு பெல்லட்டாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பென்னி சார் பிஸ்டலைத் திறந்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"சொல்லுங்க கண்ணாயி."

"ஏனுங்க மொதலாளி, புள்ள பேரு போகலைங்கறாளுங்க. அவதான் நெறைய எடுத்தாளாமுங்க."

"எடுத்தா. நொம்ப நல்லா எடுத்தா. நீங்களே உங்க புள்ளையக் கேளுங்க. சிவசக்தி, போன வாரம் யாரு சுட்டதுன்னு கேட்டேன். நீ என்னம்மா சொன்ன?"

"நான்தான் சுட்டேன்னு சொன்னேனுங்க."

"பாத்தீங்களா."

"கார்டைத்தானுங்க சொன்னேன்."

"நான் கார்டுன்னு கேட்டேனா?" அவர் என் பக்கம் திரும்பினார். "ரைட்டர், நான் கார்டுன்னு கேட்டேனா?"

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். சிவசக்தி அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தாள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுவேன் என்று.

"இல்லீங்க சார்," என்றேன்.

அது உண்மைதான். அவர் அட்டை என்று கேட்கவில்லை. டப்பா என்றும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பதிவேட்டைக் கண்ணாயிக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்தேன். ஒப்புக்கொண்டாள் என்ற இடம் வந்தபோது கண்ணாயி திரும்பி மகளை அடித்தாள். கன்னத்தில் ஒரே அடி. சத்தம் கிடங்குச் சுவரில் பட்டுத் திரும்பியது. "டப்பாவத் திருடிப்போட்டு எங்கிட்டப் பொய்யா சொன்ன? உளுடி கால்ல!"

சிவசக்தி விழவில்லை. அசையாமல் நின்றாள். கண்ணாயிதான் விழுந்தாள்.

"அட, எந்திரிங்க. கால்ல எல்லாம் விழ வேண்டாம்," என்றார் பென்னி சார் நல்ல குரலில். "போலீசு அது இதுன்னு நான் போகப் போறதில்ல. உங்களுக்கு எஸ்டேட்ல வேலை எப்பவும் இருக்கு. நாளைக்கு வந்துருங்க."

ரூபியின் துப்பாக்கி அப்போது ஒருமுறை டப் என்றது. எட்டோ ஏழோ. நான் குறித்துக்கொண்டேன்.

சிவசக்தி என் மேசைக்கு வந்தாள். கன்னத்தில் விரல் தடம் எழும்பியிருந்தது. "ஏனுங்க, அந்தக் கார்டு இருந்தா குடுக்கறீங்களா? அம்மாகிட்டக் காட்டோணும்."

சுட்ட அட்டைகளை வாராவாரம் கிடங்குக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவதும் என் வேலைதான்.

"எரிச்சாச்சு கண்ணு," என்றேன்.

"சரிங்க," என்றாள்.

ரூபி கோவையில் நாற்பத்திரண்டாவதாக வந்தாள். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள், துப்பாக்கியைத் தொடுவதில்லை. சிவசக்தி மறுமாதமே மில்லுக்குப் போனாள். மூன்று வருடம் கழித்து வெள்ளக்கடை என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கண்ணாயி இன்னும் எங்கள் எஸ்டேட்டில்தான் காப்பி பறிக்கிறாள். மகள் திருடியதாகத்தான் இன்றைக்கும் நம்புகிறாள். அருண்குமார் காட்டேஜை விற்றுவிட்டுச் சேலத்துக்குப் போய்விட்டார். பென்னி சார் இப்போது கிளப்பின் தலைவர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கோர் எழுதுகிறேன்.