களைத்துப்போனேன் என்று சொன்னேன்

எனக்கு யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்ல வராது. நாற்பத்தொன்பது வயதில் பனிமலை ஏறப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிரெஞ்சுத் தலைநகரை ஒட்டிய சென் தெனியில் ஒரு அலுவலகத்தில் கடிதங்களைத் தரம் பிரித்து மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மச்சானின் கடையில் மரக்கறிப் பெட்டி இறக்குவேன். ஒரு செப்டம்பர் மாதம் நகரசபை வளவில் சங்கங்கள் மேசை போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவர் "தமிழா நீங்க?" என்று கேட்டார். அதோடு நான் சரி. உதயன் என்று பெயர் எழுதிக் கையெழுத்தும் வைத்த பிறகுதான் அது என்ன சங்கம் என்று பார்த்தேன்.

இழுத்துக்கொண்டு போகிற கம்பி வடம் ஒன்றும் இல்லாத மலைகளில், ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையைக் காலில் மாட்டி நடந்தே ஏறி, பிறகு சறுக்கி இறங்குகிறவர்களின் சங்கம் அது. கேட்டவர் பெயர் பிராங்க். பாண்டிச்சேரிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே, வரி அலுவலகத்தில் உத்தியோகம். இருபது வருடமாகச் சங்கத்தில் குழுத்தலைவர். வெள்ளைக்காரர்கள் வரிசையாக அவருக்குப் பின்னால் ஏறுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

"பெட்டி தூக்கி முறிஞ்சது காணாதெண்டு அங்கை போய் முறியப் போறியளோ?" என்றாள் என் மனைவி யோகராணி.

முதல் குளிர்காலம் சின்னச் சரிவுகளில் விழுந்து எழும்பினேன். இரண்டாவது குளிர்காலம் பெரிய மலைக்குக் கூட்டிப்போனார்கள். ஏறும்போது யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். முன்னால் போகிறவரின் தடத்தில் காலை வைத்துக்கொண்டே இருந்தால் போதும். நித்திரையை விட்டால் எனக்குக் கிடைத்த ஓய்வு அது ஒன்றுதான்.

2018 ஜனவரியில் ஏழு பேராக ஆல்ப்ஸுக்குப் போனோம். எல்லோர் நெஞ்சிலும், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவி, முதுகுப்பையில் பனி தோண்டும் சவள். அன்றைக்குப் பனிச்சரிவு ஆபத்து ஐந்தில் மூன்று என்று அறிவித்திருந்தார்கள். காலை பத்தரை மணியளவில், உச்சிக்குக் கீழே இருந்த செங்குத்தான சரிவின் ஓரத்துக்கு வந்தோம். பிராங்க் முன்னால், நான் அவருக்குப் பின்னால். மற்ற ஐந்து பேரும் எட்டக் கீழே வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேல்மாடி வீட்டில் யாரோ அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டதுபோல, காலுக்குக் கீழே முழுப் பனியும் ஒரு தடவை இறங்கியது. என் ஸ்கீயின் நுனியிலிருந்து ஒரு வெடிப்பு மெல்லிசாக ஓடிப் போனது. இலையுதிர்கால வகுப்பில் பிராங்கே படம் கீறிக் காட்டியிருந்தார்: கீழே இருக்கிற அடுக்கு உடைகிற சத்தம் அது. கேட்டால் கதைபேச்சில்லாமல் திரும்ப வேண்டும்.

பிராங்க் நின்றார். கையுறையைச் சரிசெய்தார். பிறகு மேலே பார்த்துக்கொண்டு, "ஒவ்வொருத்தரா போவோம். நடுவுல அம்பது மீட்டர் விடணும். சரியா, உதயன்?" என்றார்.

சத்தத்தைப் பற்றி வாயைத் திறக்கலாம். ஆனால் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். இருபது வருடத் தலைவரை, எங்கள் ஆளை, நேற்று ஸ்கீ பழகிய நான் அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால் பிழை பிடிப்பதா? மென்று விழுங்கினேன்.

"அண்ணை, எனக்கு ஏலாது. களைச்சுப்போனன்."

ஒருவரையும் தனியே விடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். பிராங்க் உடனே திரும்பி மற்றவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னார். ஒருவர் பெருமூச்சு விட்டார். ஆனைஸ் என்ற தாதிப் பெண் எனக்குத் தன் சொக்லேட்டில் பாதி தந்தாள். பஸ்ஸில் வரும்போது பின் ஆசனத்தில் யாரோ, ஐம்பது வயதுக்காரருக்கு இது கஷ்டம்தான் என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் உயிரோடு எரிச்சல்படுகிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை குழுவின் வாட்ஸ்அப்பில் பிராங்கின் செய்தி வந்தது. வருகிற ஞாயிறு அதே மலை, அதே வழி, ஆறு பேர். உதயன் நன்றாக ஓய்வெடுக்கட்டும்.

யோகராணியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அதுகளுக்கு அந்த இடம் பொல்லாதது எண்டு தெரியாது."

"தெரியாது. நான் களைச்சதாலை திரும்பினதெண்டுதான் நினைக்கினம்."

"போய்ச் சொல்லுங்கோவன்."

"அந்தாளுக்கு அவமானமெல்லோ."

"ஆறு பேர் புதைஞ்சு கிடந்தால் மட்டும் அவருக்கு மரியாதையோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த சேர்ட்டை எடுத்தாள்.

வியாழன் மதியங்களில் பிராங்க் கறிவேப்பிலை வாங்க லா சப்பலில் ரூ பெர்தொனே என்ற தெருவுக்கு வருவார். வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் இருப்பார். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் அவருக்கு எதிரே இருந்தேன்.

"அண்ணை, அண்டைக்கு எனக்குக் களைப்பில்லை."

அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"பனி சத்தம் போட்டது. வெடிப்பும் கண்டனான். அதாலைதான் அப்பிடிச் சொன்னனான்."

"எனக்கும் கேட்டுச்சு," என்றார்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க முடியலன்னதும் எனக்கு உயிரே வந்துச்சு. கோயில் பிரசாதம் மாதிரி வாங்கிக்கிட்டேன்."

"பிறகேன் திரும்பவும் போறியள்?"

"எல்லாரும் கேக்கறாங்க. இப்போ வேணாம்னா, போன வாரம் ஏன் அதுல ஏத்தப் பாத்தேன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்றது? மலை விடுதியில கட்டில் ஒண்ணு காலியா இருக்கு. நீங்களும் வாங்களேன், ஞாயித்துக்கிழம."

"நான் வந்து என்ன செய்யிறது?"

அவர் வடைத் துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். எனக்கு விளங்கிவிட்டது. வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது.

"ஒவ்வொரு கிழமையும் உங்களுக்காண்டி நான் களைக்கேலாது, அண்ணை. இந்தமுறை நீங்கள் களையுங்கோ. இல்லாட்டி உண்மையைச் சொல்லுங்கோ."

ஞாயிறு காலை முழுக்க கைபேசியைக் கீழே வைக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு அவரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. 'பாதியிலேயே திரும்பிவிட்டோம். முழங்கால் வலி என்று சொன்னேன்.'

கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். அது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. திங்கட்கிழமை குழுவில் எல்லோரும் பிராங்கின் முழங்காலுக்கு அனுதாபம் எழுதினார்கள். அதற்குக் கீழேயே ஆனைஸ் எழுதியிருந்தாள்: எமில் என்கிற இன்னொரு தலைவர் சனிக்கிழமை கூட்டிப்போகத் தயார், அதே மலை, இந்தமுறையாவது உச்சியைப் பார்ப்போம். ஐந்து பேரும் சம்மதம் போட்டிருந்தார்கள்.

பிராங்க் ஏதாவது எழுதுவார் என்று மாலை வரைக்கும் பொறுத்தேன். அவர் வாட்ஸ்அப்பில் வந்து வந்து போவது தெரிந்தது. ஒரு சொல்லும் எழுதவில்லை.

சமையலறை மேசையில் இருந்து பிரெஞ்சில் எழுதினேன். அன்றைக்கு நான் களைக்கவில்லை, பனி உடைகிற சத்தம் கேட்டது, வெடிப்பைக் கண்டேன், பயந்தேன், சொல்ல வெட்கப்பட்டேன். எழுதி முடித்து வாசித்தபோது, இதை யார் நம்புவார்கள் என்று யோசித்தேன். களைத்துப்போன மனுசன் ரோசத்தில் கதை விடுகிறான் என்பார்கள். நம்ப வைக்கக்கூடிய பெயர் ஒன்றுதான் இருந்தது. 'பிராங்குக்கும் கேட்டது' என்று சேர்த்தேன். அனுப்பினேன்.

எமில் அன்றைக்கே பிராங்குக்குப் போன் பண்ணியிருக்கிறார். பயணம் நின்றது. ஆனைஸ் நன்றி என்று எழுதினாள். இன்னொருவர், இதைச் சொல்ல இவ்வளவு நாளா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிராங்க் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

பிறகு ஒரு வியாழன் அவரை ரூ பெர்தொனேயில் கண்டேன். "அண்ணை" என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்டது. கறிவேப்பிலைப் பையோடு எதிர்ப்பக்கம் கடந்து, திரும்பிப் பாராமல் போனார்.

கோபம் ஆறினால் வருவார் என்கிறாள் யோகராணி. எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தச் சரிவு பிறகு இடிந்ததா, அப்படியே கிடந்து உருகியதா, அதுவும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அந்தச் சனிக்கிழமை போயிருக்க வேண்டிய ஆறு பேரும் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள். என்னோடு பேசாத ஒருவரும் போனார், நல்ல முழங்காலோடு.