தீவுக்குள் ஒரு பொதி மடு மண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குகதாசன் மாமாவின் வாயை அடைக்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். நேரில் எனக்குப் பேச்சு வராது. கொப்பியில் எழுதினால் வரும்.

முதல் தொடக்கம்: ‘வளைகுடாவில் ஒரு பணக்கார நகரம் கடலுக்குள் தீவுகளைச் செய்தது. வானத்திலிருந்து பார்த்தால் அவை’ (வானத்திலிருந்து பார்க்கிறவர்கள் அங்கே வீடு வாங்கினவர்கள். வெட்டிவிட்டேன்.)

இரண்டாவது: ‘மடுத்தீன் கல் அடுக்கினார்.’ இது நிற்கட்டும்.

மடுத்தீன் மன்னார்க்காரர். என் அப்பா. தீவைச் சுற்றி அலைதடுப்புச் சுவர் கட்டியபோது, கிரேன் இறக்கும் கல் எங்கே உட்கார வேண்டும் என்று படகில் நின்று கைகாட்டியவர். ஒவ்வொரு கல்லும் ஒரு கார் அளவு. ஆறு வருடத்தில் அவர் காட்டிய ஒரு கல்லும் பிசகவில்லை. 2009இல் அந்த நகரத்தில் காசு வற்றி வேலை நின்றது. இப்போது பாரிஸில், லா ஷப்பேலில், ழான்-லூக்கின் உணவகத்தில் பிளேட் கழுவுகிறார்.

எழுத எனக்குக் கூச்சமில்லாத ஒரே வசனம்: என் அப்பா ஒரு தீவைக் கட்டினார்.

2

மன்னார்க் கத்தோலிக்கர் தூரம் போனால் பையில் மடு மாதா கோயிலின் சிவப்பு மண் இருக்கும். காய்ச்சலுக்கும் பயத்துக்கும் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். கடைசிக் கல் இறங்குமுன் அப்பா தன் பொதியைச் சுவரின் மேல்வரிசை இடுக்கில் கொட்டிவிட்டார்.

“முழுக்கவோ?” அம்மா இன்றும் கேட்பா. “பிள்ளைக்கு ஒரு சிட்டிகை வச்சிருக்கக் கூடாதோ?”

“இஞ்சரப்பா, வெறும் கடல் மணலிலை தீவு எப்பிடி நிக்கும்?”

உணவகத்தில் யாரும் நம்பவில்லை. வெங்காயம் வெட்டும் குகதாசன் மாமா தினமும் வாசலிலேயே தொடங்குவார்: “தீவுக்காரர் வாறார், வழி விடுங்கோ! அண்ணை, ஈபிள் கோபுரத்துக்கும் நீங்கள்தானே ஆணி அடிச்சது?”

அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை எழுதி எழுதி மூன்று பக்கம் கிழித்தேன்.

3

(இதில் நானும் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அங்கேதான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். என்னைப் பற்றித் தொடங்கிய வசனம்: ‘அவள் ஒரு’ போதும்.)

2016 மாசியில் ழான்-லூக் விடுமுறைக்கு அதே தீவுக்குப் போனார். அப்பா கேட்டது ஒன்றுதான்: சுவரின் மூன்றாவது திறப்புக்கு வலப்பக்கம், மேல்வரிசை இடுக்கில் இருந்து கொஞ்ச மண்.

“காவலாளி துரத்தினான்,” என்று மணல் போத்தலை நீட்டினார், திரும்பி வந்த ழான்-லூக். “உன் மண்ணுக்காக ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தேன், மது.” (அப்பாவின் பெயர் அவர் வாயில் இவ்வளவுதான் வரும்.)

அப்பா வெள்ளைப் பிளேட்டில் கொஞ்சம் கொட்டினார். வெளிறிய மணல், சிப்பித்தூள். சுண்டுவிரலால் பரப்பினார். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

“என்ன அண்ணை, இவ்வளவுதானோ உங்கடை தீவு?” குகதாசன் மாமா குனிந்தார். இன்னும் குனிந்தார். “பொறுங்கோ, கண்ணாடி எடுத்திட்டு வாறன்.”

ஓரத்தில் ஒரு சிவப்பு மணி.

“மிளகாய்த்தூள்,” என்றார், கண்ணாடியோடு வந்து. “மத்தியானக் கறி. உங்கடை விரலிலை ஒட்டினது.”

“மடு மண்.”

“மிளகாய்த்தூள், அண்ணை!”

அப்பா சிலுவை போட்டார். விரல் நுனியால் அதை ஒற்றி எடுத்து நாக்கில் வைத்தார்.

4

முடிவு அ: அது மிளகாய். அப்பா தண்ணீர் கேட்டார். (கேட்கவில்லை.)

முடிவு ஆ: அது மண். அப்பாவின் கண் கலங்கியது. (கலங்கியது உண்மை. பக்கத்தில் அரைக்கூடை வெங்காயம் இருந்ததும் உண்மை.)

முடிவு இ:

நடந்தது இவ்வளவுதான். அப்பா நிமிர்ந்தார். கல் சரியாக உட்கார்ந்ததும் கிரேன்காரனுக்குக் காட்டுவாரே, அதே மாதிரி உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, மெதுவாக அமர்த்திக் காட்டினார். எங்கள் எல்லோருக்கும். பிறகு பிளேட் கழுவப் போனார்.

“அண்ணை,” குகதாசன் மாமா பின்னாலேயே போனார், “என்ன ருசி எண்டாவது சொல்லுங்கோவன்.”

சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

இ-க்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். மிச்ச மணல் போத்தலில், இந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் இன்னும் சிவப்பு இருக்கிறதா என்று நான் தேடவில்லை. நீங்கள் தேடுங்கள். கிடைத்தால் நாக்கில் வைத்துப் பார்த்து, நீங்களே எழுதுங்கள்.